மொட்டைத் தலையும் வெள்ளைத் தொப்பியும்

எழுபத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மாதம். நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்த நேரம். நர்ஸ் படிப்பை முடித்தாயிற்று. மெட்ராஸுக்குப் போய்ப் பதிவும் செய்துகொண்டு வந்தாயிற்று. வேலை மட்டும் கிடைக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுச் சுவரில் என் வெள்ளைச் சீருடை கஞ்சி போட்டு விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பாவோடு வேர்க்கடலை பிடுங்கப் போவேன். போகிற வழியெல்லாம் அழுகை வரும். அப்பா பார்க்காத மாதிரி முன்னால் நடப்பார்.

அன்பர்களே, என் பெயர் உண்ணாமலை. அம்மன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். நம் பௌர்ணமிக் குழுவில் உங்களோடு பல வருஷமாக மலை சுற்றி வருகிறேன். ஆளுக்கோர் அனுபவம் சொல்ல வேண்டும் என்று குழுவில் முடிவானபோது, நான் எழுதித் தந்துவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் பாதியில் சிரித்துவிடுவேன், மீதியில் அழுதுவிடுவேன். எழுத்தில் அந்தத் தொந்தரவு கம்மி.

விடுதியில் தங்கி மூன்றரை வருஷம் படித்தேன். படிப்பு என்றால் புத்தகம் கொஞ்சம்தான். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகவும், ஜுரக்காரருக்கு உடம்பு துடைக்கவும், பிரசவ அறையில் பதறாமல் நிற்கவும், ஆபரேஷனுக்கு முன்னால் தோல் கீறாமல் முடி மழிக்கவும் கற்றுக்கொண்டோம். கடைசியாகச் சொன்னதில் நான் கெட்டிக்காரி. புது மாணவிகளுக்குச் செய்து காட்ட வார்டு சிஸ்டர் என்னைத்தான் கூப்பிடுவார்.

நர்ஸ் என்றால் தலையில் வெள்ளைத் தொப்பி உண்டு. கொண்டை போட்டு, அதில் ஊசி குத்தித் தொப்பியை நிறுத்த வேண்டும். எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. மற்ற பெண்களுக்கெல்லாம் தொப்பி சரியும், சாயும். என் தலையில் அது ஆடாமல் அசையாமல் உட்காரும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

படிப்பு முடிந்ததும் வேலை வாசலில் வந்து நிற்கும் என்றுதான் நினைத்தேன். வேலூர் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்தேன். உன் முறை வரும்போது கூப்பிடுவோம் என்றார்கள். எனக்கு முன்னால் பதிந்தவர்களே இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். சரி, தனியாரிடம் கேட்போம் என்று திருவண்ணாமலையில் இருந்த நர்சிங் ஹோம்களையெல்லாம் ஏறி இறங்கினேன். ஓர் இடத்தில் டாக்டர் சொன்னார்:

"ரிஜிஸ்டர் பண்ண நர்ஸெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படி ஆவாதும்மா. ஊசி போடத் தெரிஞ்ச பொண்ணுங்க இருக்குது, அது போதும்."

இன்னொரு இடத்தில் அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"வேலை குடுத்தீங்கன்னா வந்துடும் சார்" என்றேன். அந்த வாய்க்காகவே அங்கே வேலை இல்லை என்று ஆயிற்று.

அப்பா கெட்டவர் இல்லை. பெண்ணை நர்ஸ் படிக்க அனுப்பியதற்காக ஊரில் அவர் வாங்கிய பேச்சு ஜாஸ்தி. படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் அந்தப் பேச்சு இன்னும் நீண்டது. அந்தச் சமயத்தில் அவலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மண்டி வைத்திருக்கிற குடும்பம். பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் கண்டவர்களையும் தொட்டு மருந்து போடுகிற வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா ஒரு நாள் வயலில் வைத்தே பேச்சை எடுத்தார்.

"தோ பாரும்மா. கார்த்திகை தீபம் வரைக்கும் வேலை தேடு. கெடச்சுட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். கெடைக்கலைன்னா அந்த எடத்துக்குச் சரின்னு சொல்லிடுவேன். நீயும் சரின்னு சொல்லணும்."

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? அவரும் எனக்காக எவ்வளவோ பொறுத்திருந்தார். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேறு எதுவாகவும் இருக்க ஆசைப்பட்டதே இல்லை. நர்ஸாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் அம்மா தன் குண்டைத் தூக்கிப் போட்டாள். இருவரும் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

"உண்ணாமல, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத."

"சொல்லும்மா."

"உனக்கு வேலை கெடைக்காததுக்குக் காரணம் நான்தான். வேண்டுதல் ஒண்ணு அப்படியே நிக்குது."

கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். பரீட்சை எழுத முடியாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அம்மா கீழாநெல்லியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். வருகிற வழியில் அண்ணாமலையார் கோயிலுக்குப் போய், என் பெண் எழுந்து பரீட்சை எழுதி பாஸ் ஆகிவிட்டால் முடியைக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். யார் முடியை? அவள் முடியை இல்லை. என் முடியை.

எனக்கு வந்த கோபத்தில் கடலைத் தொலி நாலு பக்கமும் பறந்தது.

"என்னைக் கேக்காம என் முடிய எப்படிம்மா குடுப்ப?"

"நீ கண்ணே தொறக்காம கெடந்த. யாரைக் கேக்கறது?"

கொஞ்ச நேரம் கழித்துச் சமாதானத்துக்கு வந்தேன். "சரி, பூமுடி குடுத்துடலாம். நுனியில கொஞ்சம் வெட்டிக் குடுத்தா போதும். எத்தனை பேரு குடுக்கறாங்க."

"பூமுடின்னு நான் வேண்டிக்கல. மொட்டைன்னுதான் வேண்டிக்கிட்டேன். சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செய்யறதா? அதான் உன் வேலை தட்டிக்கிட்டே போவுது."

நான் நர்ஸ். மஞ்சள் காமாலை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று படித்தவள். ஆனால் அன்றைக்கு நான் எழுந்து உட்கார்ந்தது டாக்டர் மருந்தாலா, கீழாநெல்லியாலா, அம்மாவின் வேண்டுதலாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றுக்கும் நன்றி சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. மனசில்லாமல்தான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை கோயிலுக்குப் போனோம். முடி மடியில் விழ விழ நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னைவிட அம்மாதான் ஜாஸ்தி அழுதாள். வேண்டிக்கொண்டதும் அவள், அழுததும் அவள். குளித்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சந்நிதியில் போய் நின்றேன். தலை குளுகுளுவென்று இருந்தது. மனசும் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"ஐயா, எங்கள் பக்கத்து வேலை முடிந்தது. இனி உன் பக்கம்" என்று கும்பிட்டேன்.

அவலூர்பேட்டைக்காரர்களுக்கும் செய்தி போய்விட்டது. நிச்சயம் செய்யத் தை மாதம் வருகிறோம், அதற்குள் கொஞ்சமாவது வளரட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் விடுவதாக இல்லை.

அந்த வாரமே பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் எனக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள் வசந்தா அக்கா. அவள் விடுதியில் எனக்கு மூத்தவள். செங்கம் ரோட்டில் ஒரு தரும ஸ்தாபனம் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அப்போது வேலையில் இருந்தாள். அங்கே ஒரு நர்ஸ் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள், பதிவு செய்த நர்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள், வெள்ளிக்கிழமை மேட்ரன் நேரில் பார்க்கிறார், சீருடையோடு வந்துவிடு என்பதுதான் செய்தி. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீருடை இருக்கிறது, தொப்பி இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அப்புறம்தான் தலையில் கை வைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சீருடைச் சேலையைக் கட்டி, தலையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். மேட்ரன் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அளந்து பேசுகிறவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று வசந்தா அக்கா முதலிலேயே சொல்லிவைத்திருந்தாள். கேள்வியெல்லாம் கேட்டார். கருவிகளை எப்படிக் கொதிக்க வைப்பாய், பிரசவத்துக்கு வந்தவளுக்கு வலிப்பு வரப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பாய், இப்படி. எல்லாவற்றுக்கும் கடகடவென்று பதில் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்கு உள்ளே மத்தாப்பு கொளுத்தியது போல் இருந்தது.

"சரி, அந்தத் துணிய எடுத்துட்டுத் தொப்பிய வெச்சுக் காட்டு" என்றார்.

துணியை எடுத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் வேண்டுதல் விவரத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சுவரில் இருந்த கண்ணாடியைக் காட்டினார்.

"நீயே பாரு."

பார்த்தேன். வெள்ளைச் சேலை, மழித்த தலை. அந்தக் காலத்தில் புருஷனை இழந்தவர்களை உட்கார வைத்த கோலம் அப்படியே கண்ணாடியில் நின்றது. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

"உன் பதிலெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் மேட்ரன். "ஆனா பிரசவத்துக்கு வந்த பொண்ணு காலையில கண்ணு முழிச்சதும் உன்னைப் பாத்தா என்ன நெனப்பா? எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. அவங்களுக்கு இருக்குதே. தொப்பியும் நிக்காது. முடி வளந்ததும் வா. அப்ப எடம் காலியா இருந்தா பாக்கலாம்."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். தலைத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது? தீபத்துக்கு நாளும் அதிகமில்லை. அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மலையைப் பார்த்து மனசுக்குள் சண்டை போட்டேன். நீ கேட்டாய் என்று கொடுத்தேன். கொடுத்ததற்கு இதுதான் பலனா? உனக்குத்தான் ஏற்கெனவே சடை சடையாக இருக்கிறதே, என் முடி எதற்கு உனக்கு? இப்படி வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கெஞ்சினேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது ஐயா, என்னை நர்ஸாக இருக்க விடு என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வராந்தா முனையிலிருந்து ஒரு பெண்ணை அவள் புருஷன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துகொண்டிருந்தார். அவர்களைப் பற்றி வசந்தா அக்கா பிறகு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் பெயர் பச்சையம்மாள், ஊர் அடி அண்ணாமலை. கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து தலையில் பலமான அடி. வீட்டிலேயே காப்பித் தூளை அப்பிக் கட்டிவிட்டார்கள். ரத்தமும் காப்பித் தூளும் முடியும் சேர்ந்து கெட்டியாகி, உள்ளே சீழ் வைத்து, ஜுரம் கொதித்தது. தலையை முழுசாக மழித்துக் காயத்தைத் திறந்து கழுவாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். பச்சையம்மாள் மட்டும் முடியவே முடியாது என்று காலையிலிருந்து முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு வைத்திருந்த சவரத் தொழிலாளி வேப்பமரத்தடியில் பெட்டியோடு காத்திருந்தார். புருஷன் ஏழுமலை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, கட்டு மாற்றுகிற அறை வரைக்கும் வா, அங்கே பேசிக்கொள்ளலாம் என்று அழைத்து வந்துகொண்டிருந்தார்.

வந்தவள் நேராக என்னைப் பார்த்தாள். வெள்ளைச் சேலை, மொட்டைத் தலை, அழுது வீங்கிய முகம். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, இங்க வர்றவங்களுக்கெல்லாம் இதத்தான் பண்றாங்களா? பாருங்க, அந்தச் சின்னப் பொண்ண இன்னா பண்ணி வெச்சிருக்காங்கன்னு" என்று தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடுங்க. செத்தாலும் அங்கயே சாவறேன்."

வார்டில் படுத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் வந்துவிட்டார். மேட்ரனும் வேகமாக வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"நீ இன்னும் போவலையா? பாதி சம்மதிச்சு வந்தவங்க உன்னைப் பாத்துத் திரும்பறாங்க. போ, போய் நீயே அந்தம்மாகிட்ட சொல்லு, நாங்க உனக்கு மொட்டை அடிக்கலைன்னு."

எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் போனேன். பச்சையம்மாள் தூணின் கீழே உட்கார்ந்துவிட்டிருந்தாள். நானும் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினேன்.

"அக்கா, தொட்டுப் பாருங்க. காயம் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணாமலையாருக்குக் குடுத்தேன்."

தொட்டாள். அவள் கை ஜுரத்தில் நெருப்பாய்ச் சுட்டது.

"கல்யாணம் ஆவாத பொண்ணாட்டம் இருக்கற. உனக்கு வருத்தமா இல்லையா?"

"இருந்துது. இப்பவும் இருக்குது. இந்தத் தலையாலதான் இப்ப ஒரு வேலை போச்சு."

பின்னால் மேட்ரன் இருமுவது கேட்டது. பச்சையம்மாள் என் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"முடி மேல ஆசை இல்லம்மா. எங்க ஊட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு. நான் மொட்டைத் தலையோட ஊருக்குள்ள போனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? அவங்க அப்படி நெனச்சு, அவருக்கு எதுனா ஆயிட்டா?"

மேட்ரன் என்னிடம் சொன்ன அதே விஷயம். சாவுக்குப் பயப்படாதவள் இதற்குப் பயந்தாள், அதுவும் புருஷனுக்காக. அடுத்து நான் சொன்ன வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏழுமலையைப் பார்த்து,

"அண்ணே, நீங்களும் சேந்து வேண்டிக்கங்களேன். ரெண்டு பேரும் ஒண்ணா முடி குடுத்தா யாரு இன்னா சொல்லப் போறாங்க? புருஷனும் பொண்டாட்டியும் வேண்டுதல் முடிச்சுட்டு வர்றாங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றேன்.

ஏழுமலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"எங்க அந்த ஆளு? கூப்புடுங்க. முதல்ல என் தலை."

பச்சையம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க தலை கோணலு. மொட்டை நல்லாவே இருக்காது" என்றாள்.

"உன் தலை மட்டும் இன்னா, தேங்காயாட்டம் வட்டமா இருக்குதா?"

வராந்தாவே சிரித்தது. இருவரும் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்க ரெண்டு பேர் முடியும் உனக்குத்தான், எழுந்து வீட்டுக்குப் போகணும் என்று பச்சையம்மாள் வாய்விட்டு வேண்டினாள். நானும் அவர்களோடு சேர்ந்து கும்பிட்டேன். அந்த நேரத்தில் என் வேலையைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை.

வேப்பமரத்தடியில் ஏழுமலைக்கு மொட்டை விழுந்தது. ஆனால் பச்சையம்மாளின் காயத்தைப் பார்த்ததும் சவரத் தொழிலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "இதுகிட்ட நான் கத்தி வெக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டார். வசந்தா அக்கா டாக்டரோடு கருவிகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். மேட்ரன் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வருமா?"

"வரும் மேடம்."

"கையக் கழுவிட்டு வா."

முதலில் நல்ல முடியைக் கத்தரித்து எடுத்து ஒரு மஞ்சள் துணியில் வைத்தேன். அது சாமிக்கு. காயத்தோடு ஒட்டியிருந்ததை வெந்நீர் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி எடுத்தேன். அவளுடைய பிள்ளைகள், மாடு, வீட்டு வாசலில் பௌர்ணமிக்கு அவள் போடுகிற மோர்க் கடை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கத்தியை வைத்தேன். எங்கும் கீறவில்லை. டாக்டர் காயத்தைத் திறந்து சீழை எடுத்துக் கழுவிக் கட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். கட்டின் கீழே நெற்றியில் விபூதி வைத்துவிட்டேன்.

கட்டிலில் பச்சையம்மாள், பக்கத்தில் ஸ்டூலில் பளபளவென்று ஏழுமலை, தலைமாட்டில் நான். அறைக்குள் வந்த மேட்ரன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரியா, கோயில்ல மொட்டை போடற எடமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். வசந்தா அக்கா கையில் இருந்த தட்டைக் கீழே போடாததுதான் பாக்கி.

மேட்ரன் போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு டூட்டிக்கு வந்துடு."

"மேடம், தொப்பி?"

"அது என் கவலை. பொட்டு மட்டும் பெருசா வெச்சுக்கோ."

அவரே தொப்பியின் உள்பக்கம் பட்டை நாடா தைத்துக் கொடுத்தார். குனிந்தால் அதுவும் வழுக்கியது. கடைசியில் காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினோம். சாயங்காலம் அதை உரிக்கும்போது உயிர் போகும். ஆனால் அந்த வலிகூட எனக்கு இனித்தது. வார்டில் யாரும் என்னைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே பச்சையம்மாள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லி முடித்திருப்பாள். ஜுரம் இறங்கி, புண் ஆறி, அவள் புருஷனோடு வீட்டுக்குப் போகிற வழியில் மஞ்சள் துணி முடிச்சைக் கோயிலில் சேர்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் அப்பா விஷயம் அப்படியே இருந்தது. வேலை கிடைத்ததை ஊருக்குப் போய்ச் சொன்னபோது சரி என்று மட்டும் சொன்னார். அவலூர்பேட்டைக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று அம்மா என் காதில் போட்டாள். வாக்குத் தவறுகிறவர் இல்லை. ஆனாலும் ஊர்ப் பேச்சுக்கு அவர் மனசு மாறிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

தீபம் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். ஆஸ்பத்திரி வாசலில் மேசை போட்டு, நடந்து வந்தவர்களுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம். கால் கொப்புளம், முள், கண்ணாடி குத்தியது, மயக்கம் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வரிசைக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அம்மா. எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. வரிசையில் நின்ற யாரோ ஒருவர் அப்பாவிடம், உங்களுக்குக் காலில் என்ன என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அந்த நர்ஸு எம் பொண்ணு. பாக்கலாம்னு வந்தேன்" என்றார் அப்பா. கேட்டவருக்கு மட்டும் சொல்கிற குரலில் சொல்லவில்லை. வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

கை வேலையை முடித்துவிட்டு அவரிடம் போனேன்.

"அவலூர்பேட்டைக்கு நேத்தே ஆள் அனுப்பிட்டேன். வேணாம்னுட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு. "வேலைக்கு அனுப்பற எடமாப் பாத்துக்கலாம். நீ போ, ஜனங்க காத்துக்கினு இருக்கறாங்க பாரு."

மாலையில் மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். ஊர் முழுவதும் ஒரே குரலாக அரோகரா என்றது. நான் கையில் பஞ்சோடு அப்படியே நின்று அழுதேன்.

பிறகு வேலைக்கு அனுப்புகிற இடமாகவே அப்பா பார்த்தார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தும் ஒரு வழியாக அழைப்பு வந்தது, எனக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகு. நான் போகவில்லை. அதற்கு அம்மா ரொம்ப நாள் திட்டினாள். அதே ஆஸ்பத்திரியில்தான் இப்போது வார்டு சிஸ்டராக இருக்கிறேன். படிப்பு முடித்து வேலை கிடைக்காத பெண்கள் என்னிடம் வந்து அழுவார்கள். டீ வாங்கிக் கொடுத்து அழவிடுவேன். பிறகு, கற்ற வேலையைக் கை மறக்காமல் பார்த்துக்கொள், சாமியிடம் சண்டை போடுவதாக இருந்தாலும் போய்ப் போடு, போகாமல் மட்டும் இருந்துவிடாதே என்பேன்.

நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முடியோடு போயிருந்தால் மேட்ரன் கேட்டதுமே தொப்பியை வைத்துக் காட்டியிருப்பேன். வேலை அப்போதே கிடைத்திருக்கும். என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பேன். பச்சையம்மாளும் மொட்டைக்குச் சம்மதிக்காமல் அந்த ஜுரத்தோடு அடி அண்ணாமலைக்குத் திரும்பிப் போயிருப்பாள். அண்ணாமலையார் எனக்குத்தான் பதில் சொன்னார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வராந்தாவில் பொண்டாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த ஏழுமலையும்தானே வேண்டிக்கொண்டே வந்திருப்பார்.

எனவே அன்பர்களே, அண்ணாமலையாரிடம் தாராளமாகக் கேளுங்கள். கேட்ட பிறகு எல்லாம் தலைகீழாகப் போகிற மாதிரி தெரிந்தால் மனசு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கும் சேர்த்துத்தான் சாமி செய்ய வேண்டியிருக்கிறது. கொஞ்சம் இருந்து பாருங்கள்.